மீசைப்புலிமலை ஏற்றமா, வாளையார் வெயிலா?

உடலுக்கு எது அதிக ஆபத்து? தசை சர்க்கரையை வேகமாக உடைக்கும்போது உருவாகும் லாக்டேட் என்ற பொருளை வைத்துப் பார்ப்போம். ஓய்வில் ரத்தத்தில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல்தான். மூணாறை அடுத்த மீசைப்புலிமலையில், 2,640 மீட்டரில், கடல்மட்டத்து ஆக்சிஜனில் ஏறக்குறைய முக்கால் பங்கே கிடைக்கும். அதனால் சமவெளியில் நடக்கும் அதே நடைக்கே தசை சர்க்கரையை வேகமாக உடைக்கிறது, லாக்டேட் ஏறுகிறது. நின்று இளைப்பாறினால் இதயம் அதை எரிபொருளாக்கும், கல்லீரல் மீண்டும் சர்க்கரையாக்கும். (மறுநாள் கால்வலிக்கு லாக்டேட்டைத் திட்டாதீர்கள், அது ஓரிரு மணி நேரத்தில் போய்விடும்.)

பாலக்காடு மாவட்டத்து வாளையாரில் சித்திரை வெயிலில் மூட்டை தூக்குபவருக்கு ஆக்சிஜன் குறைவில்லை. ஆனால் ரத்தம் தோலைக் குளிர்விக்க ஓடுகிறது. கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தின் பங்கு சுருங்குகிறது. லாக்டேட் உருவாவதும் கூடுகிறது, அகல்வதும் மந்தமாகிறது. எனக்கு வெயில்தான் அச்சம். மலை மூச்சிரைக்கவைத்து நிறுத்திவிடும். இங்கே சட்டையில் உப்புப் பூத்த பிறகும் அடுத்த மூட்டைக்குக் கை நீளுகிறது.