கோச்சா, பிள்ளையா: ஆட்டம் ஏன் முன்னேறவில்லை?

பெங்களூரு அல்சூர் பக்கம் பாஸ்கெட்பால் கோர்ட் ஓரமாக நிற்கும் பெற்றோர் பேச்சு எப்போதும் இங்கேதான் வந்து நிற்கும். ஒரு வருஷமாக ஆடுகிறான், இடது கையால் ஒரு லே-அப் (வளையத்தருகே ஓடிவந்து எம்பிப் போடும் ஷாட்) வரவில்லை. யாரைக் கேட்பது? எதில் கோச்சின் பங்கு, எதில் பிள்ளையின் பங்கு என்று பிரித்துப் பார்ப்போம்.

ஷாட் பழக்கம்
கோச்: முதலில் பந்தைப் பாருங்கள். பத்து வயதுக்கு 5-ம் எண் பந்தும் 2.60 மீட்டர் உயர வளையமும்தான் சரி. பெரியவர்களின் 7-ம் எண் பந்தைக் கொடுத்து 3.05 மீட்டருக்கு எறியச் சொன்னால், பிள்ளை இடுப்பிலிருந்து தள்ளித்தான் எறிவான். அந்தப் பழக்கம் லேசில் போகாது. என் அக்கா மகன் இன்னும் அப்படித்தான் எறிகிறான்.
பிள்ளை: இதில் அவன்மேல் தப்பே இல்லை.

பந்து கையில் இருக்கும் நேரம்
கோச்: இருபது பேரை ஒரே வரிசையில் நிறுத்தினால் பாதி நேரம் வேடிக்கைதான்.
பிள்ளை: மொட்டை மாடியில் தினம் பத்து நிமிஷம் இடது கையால் பந்தைத் தரையில் தட்டிப் பழகும் டிரிப்ளிங். அதற்குக் கோச் வேண்டாம். கீழ் வீட்டுக்காரர் சம்மதம் போதும்!

பன்னிரண்டு வயதுக்குள் என்றால் கோச்சை மாற்றிப் பாருங்கள். பதினைந்து தாண்டியும் டிஃபென்ஸுக்கு ஓடாமல் மூன்று பாயிண்ட் ஷாட்டே போட்டுக்கொண்டிருப்பவனுக்கு எந்தக் கோச் வந்தாலும் கஷ்டம்தான்.