ஆறு வருடமாகக் கியூஜிஐஎஸ்: மலையடிவாரத்தில் எது எங்கே பொருந்தும்?

திருநெல்வேலி மாவட்டம் சிங்கம்பட்டிப் பக்கத்து மலையடிவாரத்தில், காப்புக்காட்டு எல்லைக்கு வெளியே கிடக்கும் புறம்போக்கு, ஓடைக்கரை, தரிசு, இவைதான் எங்கள் சின்னக் குழு வேலை செய்யும் இடம். எல்லைக்கு உள்ளே இருப்பது 1988-ல் களக்காடு, முண்டந்துறை சரணாலயங்களைச் சேர்த்து உருவாக்கிய புலிகள் காப்பகம். அது வனத்துறையின் பொறுப்பு. வெளியே கிடக்கும் நிலத்தில்தான் ஆளாளுக்கு ஒரு தேவை இருக்கிறது. ஆடு மேய வேண்டும், விறகு கிடைக்க வேண்டும், ஓடைத் தண்ணீர் குளத்துக்கு வந்து சேர வேண்டும், நாட்டு மரங்களும் வளர வேண்டும். எந்த இடம் எதற்குத் தோதாக இருக்கும் என்று பார்க்க ஆறு வருடமாகக் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். காசு கொடுக்க வேண்டாம். வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டால் 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பே போதும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் சறுக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். விண்கலத்திலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் (SRTM) உயரத் தரவை இறக்கி, அப்படியே சரிவு கணக்கிட்டேன். சமவெளியான முக்கூடலில்கூட 89 டிகிரி சரிவு என்று வந்தது. தரவில் நீள அகலம் டிகிரியிலும் உயரம் மீட்டரிலும் இருந்ததுதான் காரணம். முதலில், பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் (UTM) முறைக்கு மாற்ற வேண்டும். நம் பக்கத்துக்கு அது 43 வடக்கு மண்டலம். ஆனால் 78 டிகிரி கிழக்குக் கோடு ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டியதும் வந்துவிடும். அதற்குக் கிழக்கே 44-வது மண்டலம். தாமிரபரணிப் படுகை முழுவதையும் எடுத்து வேலை செய்கிறவர்கள் ஒரே மண்டலத்தை முடிவு செய்து, எல்லா வரைபட அடுக்குகளையும் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, இனி முக்கியமான விஷயம். முதல் வருடம், பாடங்களில் சொல்லியிருந்தபடியே செய்தேன். சரிவு, ஓடைக்கு உள்ள தூரம், ஊருக்கு உள்ள தூரம், மண், பசுமை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, அதன் முக்கியத்துவத்தைக் காட்டும் எடையால் பெருக்கிக் கூட்டி ஒரே வரைபடமாக்கினேன். மரம் நட மிகப் பொருத்தம் என்று ஓடைக்கு மேலே இருந்த ஒரு மேட்டுக்கு 100-க்கு 86 கிடைத்தது. போய்ப் பார்த்தோம். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒன்றும் பேசாமல் கையிலிருந்த கம்பை ஓங்கி ஊன்றினார். ஒரு சாண் இறங்கியதும் டக்கென்று நின்றது. இரண்டடி தள்ளி ஊன்றினார், அங்கேயும் அதே சத்தம்.

“ஏய்யா, கீழ பூரா பாறை. வேரு எங்கய்யா போகும்?” என்றார்.

என்னிடம் இருந்த மண் வரைபடத்தில் அந்த வட்டாரம் முழுக்க ஒரே நிறம். வீட்டுக்கு வந்து அந்த மேட்டின் மண்ணுக்குப் பூஜ்யம் போட்டு மறுபடியும் ஓட்டினேன். அப்போதும் 72 வந்தது! மண்ணே இல்லாத குறையை ஓடையும் சரிவும் சேர்ந்து ஈடுகட்டிவிட்டன. வேர் இறங்க மண் இல்லாத இடத்தில் தண்ணீர் பக்கத்தில் இருந்து என்ன பயன்?

அன்றிலிருந்து ஒரே மதிப்பெண் வரைபடம் போடுவதை விட்டுவிட்டேன். ஐநா உணவு வேளாண்மை நிறுவனம் 1976-ல் தந்த நில மதிப்பீட்டு முறையே இதைச் சொல்கிறது: நிலத்தை ஒரு குறிப்பிட்ட பயன்பாட்டுக்குத்தான் மதிப்பிட வேண்டும், அதில் ‘பொருந்தாது’ என்பது தனி வகுப்பு. இப்போது மேய்ச்சலுக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, நீர்ப்பிடிப்புக்கு ஒன்று, விறகுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுகிறேன். கட்டாயம் வேண்டியது இல்லாத இடத்தைக் கணக்குக்கு முன்பே கழித்துவிடுகிறேன். கடைசியில் ஒரு இடத்தை எத்தனை பயன்பாடுகள் கேட்கின்றன என்று மட்டும், வரைபடங்களைக் கட்டம் கட்டமாகக் கூட்டும் ராஸ்டர் கால்குலேட்டரில் எண்ணிப் பார்க்கிறேன். போட்டியில்லாத இடங்களே நிறைய. மிஞ்சுகிற கொஞ்ச இடத்தைப் பற்றித்தான் ஊர் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

எடையையும் நான் தனியாக முடிவு செய்வதில்லை. கோயில் திண்ணையில் சாக்கை விரித்து, ஒவ்வொருவர் கையிலும் இருபது புளியங்கொட்டை கொடுத்து, எது முக்கியமோ அதற்கு நேரே வைக்கச் சொல்வோம். பெண்கள் விறகுக்கும் தண்ணீருக்கும் குவித்தார்கள். ஆட்டுக்காரர்கள் நிழலுக்கும் ஓடைக்குப் போகும் தடத்துக்கும் வைத்தார்கள். தடம் என்ற ஒன்றை நான் அடுக்காகச் சேர்த்திருக்கவே இல்லை. இரு தரப்பின் எடையையும் சராசரி ஆக்காமல் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள். எடை மாறினாலும் மாறாமல் நிற்கும் இடங்களில் தைரியமாக வேலை தொடங்கலாம்.

செயற்கைக்கோள் படத்துக்குச் சென்டினல்-2. பத்து மீட்டர் துல்லியம், இலவசம். எந்த மாதத்துப் படம் என்பதில்தான் சூட்சுமம். பிசான நெல் அறுப்பு முடிந்து வயல் காய்ந்த பங்குனி, சித்திரைப் படம் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாஞ்சோலைப் பக்கம் பெரும்பாலும் மேகம்தான் தெரியும். ஆனால் சித்திரையில் வற்றிய குளத்துக்குள் பச்சையாகத் தெரிந்தால் காடு என்று நம்பிவிடாதீர்கள், அது பெரும்பாலும் சீமைக் கருவேலம்.

தமிழில் விவரம் எழுதுபவர்களுக்கு ஒன்று. வரைபடத் தரவைச் சேமிக்க ஷேப்ஃபைல் என்ற கோப்பு வகை வேண்டாம். அதில் அட்டவணைப் பத்தியின் தலைப்புப் பெயருக்குப் பத்து பைட்தான் இடம். யூடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கே மூன்று பைட் போய்விடும், ‘ஓடை’ என்று எழுதுவதற்குள் ஒன்பது தீர்ந்தது. ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வகையில் இந்தத் தொல்லை இல்லை. கியூஜிஐஎஸ் பதிப்புகளில் நீண்டகால ஆதரவு (LTR) உள்ளதையே வைத்துக்கொள்ளுங்கள்.

களத்துக்குக் கியூஃபீல்டு செயலி. சிக்னல் இல்லாத அடிவாரத்திலும் போனில் வரைபடம் திறக்கும். கடப்பாரை போட்டு மண் ஆழம் பார்த்த குழிகளை அங்கேயே பதிந்துவிடலாம். எங்களிடம் இப்போது அறுபதுக்கு மேல் குழிகள் இருக்கின்றன. இறக்கி எடுத்த எந்தத் தரவையும்விட நான் நம்புவது இவற்றைத்தான். மரத்தடியில் மட்டும் போன் காட்டும் இடம் சில மீட்டர் தள்ளிப்போகும், கொஞ்சம் நின்று பதியுங்கள்.

போன மாதம் நான்கு வரைபடங்களையும் பெரிதாக அச்சடித்து ஊர்ச் சாவடிச் சுவரில் ஒட்டினோம். மறுவாரம் போனபோது, ஓடை வளைவில் யாரோ நீலப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு ‘ஊற்று, கோடையிலும் உண்டு’ என்று எழுதியிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். பாறை இடுக்கில் கையளவு தண்ணீர், சுற்றிலும் ஆட்டுக் குளம்புத் தடங்கள். அந்தப் புள்ளியை அங்கேயே போனில் ஏற்றிவிட்டேன். இந்த வாரம் நீர்ப்பிடிப்பு வரைபடத்தையும் மேய்ச்சல் வரைபடத்தையும் மறுபடி ஓட்ட வேண்டும்.