தரைவீடா, கூட்டுக் குடியிருப்பா?

அறுபதைத் தாண்டிய எங்கள் நண்பர் வட்டம் கோலாலம்பூரின் செந்தூலில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தாலே இந்தப் பேச்சுதான்: சொந்தத் தரைவீட்டிலேயே முதுமையைக் கழிப்பதா, டென்மார்க்கில் 1972இல் தொடங்கிய சேட்டடாமன் கூட்டுக் குடியிருப்பைப் போலக் கூடி வாழ்வதா?

தரைவீடு கடன் தீர்ந்த வீடு. வாசலில் கறிவேப்பிலை மரம். ஆனால் பிள்ளைகள் சிங்கப்பூரில். குளியலறையில் வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும்?

கூட்டுக் குடியிருப்பைப் பலரும் முதியோர் இல்லம் என்றே நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒவ்வொருவருக்கும் தனி வீடு, தனி அடுப்பு, பூட்டிக்கொள்ளத் தனிக் கதவு. சமையற்கூடம், உணவுக்கூடம், தோட்டம் ஆகியவை பொது. முறைவைத்துச் சமைத்து, வாரத்தில் சில வேளை சேர்ந்து உண்கிறார்கள். நிர்வாகமும் குடியிருப்பவர்கள் கையில்தான். லண்டன் பார்னெட்டில், 50 வயதைக் கடந்த பெண்களுக்கான நியூ கிரவுண்ட் 2016இல் 25 வீடுகளுடன் திறந்தது. முயற்சி தொடங்கியதோ 1998இல்! நம் வயதில் பதினெட்டு ஆண்டுகள் யார் காத்திருப்பது?

இன்னொரு சிக்கல், எதற்கெடுத்தாலும் கூட்டம் போட்டு முடிவெடுக்க வேண்டும். கொண்டோமினியத்தில் கார் நிறுத்துமிடத்துக்காக நடக்கும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சமையலிலும் ஒருவர் சைவம். இன்னொருவருக்கு மீன்தலைக் கறி இல்லாமல் சோறு இறங்காது.

இருந்தும் என் ஓட்டு கூடி வாழ்வதற்கே. புதிதாகக் கட்ட வேண்டாம். பிரிக்பீல்ட்ஸில், கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில், மின்தூக்கியுள்ள ஒரே அடுக்குமாடியில் நான்கைந்து வீடுகளை வாடகைக்கு எடுக்கலாம். ஒருவர் சாவி இன்னொருவரிடம் இருக்கட்டும். நண்பர்கள் தயார். என் மனைவிதான் கறிவேப்பிலை மரத்தை விட்டு வரமாட்டேன் என்கிறாள்.