1914 லிங்கன் சென்ட்: மேட் ப்ரூஃப் என்று நம்பி 475 டாலரை விட்டேன்

லிங்கன் சென்ட் (லிங்கன் முகம் பொறித்த அமெரிக்க ஒரு சென்ட் காசு) சேர்க்கிற நண்பர்கள், முக்கியமாக பென்சில்வேனியா, நியூ ஜெர்சி பக்கம் வார இறுதியில் நாணயக் கண்காட்சிகளுக்குப் போகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன மார்ச் மாதம் 475 டாலர் கொடுத்து நான் வாங்கிய காசு, புழக்கத்துக்கு அடித்த சாதாரண சென்ட் என்று தெரிந்துவிட்டது. பணம் திரும்பி வரவில்லை. உங்கள் பணமாவது தப்பட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பதினோரு வருடமாக 1909 முதல் வரிசையாகச் சேர்த்து வருகிறேன். மேட் ப்ரூஃப்களில், அதாவது சேகரிப்பாளர்களுக்காகத் தனியாக, மங்கலான மேற்பரப்போடு அடித்த காசுகளில், கை வைத்தது போன வருடம்தான். ப்ரூஃப் என்றால் கண்ணாடி மாதிரி பளபளக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். 1909 முதல் 1916 வரை பிலடெல்பியா நாணயச்சாலை சேகரிப்பாளர்களுக்காக அடித்த லிங்கன் சென்ட் அப்படி இருக்காது. அச்சையே மணல் வீசி மங்கலாக்கி, பதக்கம் அடிக்கிற இயந்திரத்தில் அழுத்தி எடுத்தார்கள். பளபளப்பே இல்லாமல், நுண்ணிய மணல் படிந்த மாதிரி ஒரு மேற்பரப்பு. அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்களுக்கே இது பிடிக்கவில்லை. 1916-உடன் நின்றுபோனது, மறுபடி ப்ரூஃப் சென்ட் வந்தது 1936-ல்தான்.

1914-ல் இப்படி அடித்தவை 1,365. அதே வருடம் பிலடெல்பியாவில் புழக்கத்துக்காக அடித்தவை ஏழரைக் கோடிக்கும் மேல். வருடம் ஒன்று, படம் ஒன்று, இரண்டிலுமே நாணயச்சாலைக் குறி கிடையாது. ப்ரூஃபோ பளபளக்காது. பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

கண்காட்சியில் எனக்கு இதை விற்ற டீலரின் மேசையில் கிடந்தது அட்டைச் சட்டத்தில் வைத்து ஸ்டேப்பிள் அடித்த ஒரு 1914. அட்டையில் பென்சிலால் ‘மேட் ப்ரூஃப்’ என்று எழுதியிருந்தது. கரும்பழுப்பு நிறம். ஏன் இவ்வளவு கறுத்திருக்கிறது என்று கேட்டேன். நாணயச்சாலையில் மெல்லிய காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள், அந்தக் காகிதம் பட்டே நிறம் மாறிவிடும் என்றார். அது உண்மைதான், நானும் படித்திருக்கிறேன். மொத்தமே 1,365 என்றார். அதுவும் உண்மை. அவர் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருந்ததால், சொல்கிற ஆளையும் நம்பிவிட்டேன். 1,365 என்ற கணக்கு அந்த வருடத்து ப்ரூஃப்களைப் பற்றியது. என் கையில் இருக்கிற காசு அந்த 1,365-ல் ஒன்றுதானா என்பது வேறு கேள்வி. அதை நான் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து அட்டையைப் பிரித்து விளிம்பைப் பார்த்ததுமே வயிற்றைக் கலக்கியது. மேட் ப்ரூஃபுக்கு முகம்தான் மங்கல். பக்கவாட்டு விளிம்பு கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். சாதாரண சென்டில் அது மங்கலாக, செங்குத்துக் கீறல்களோடு இருக்கும். என்னுடையதில் கீறல்கள்தான் இருந்தன. அப்புறம் லூப் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து மற்றதைப் பார்த்தேன். ப்ரூஃபில் வரம்பு, அதாவது முகத்தைச் சுற்றி மேடாக இருக்கிற ஓரம், அகலமாக, தட்டையாக, உள்பக்கம் கத்தியால் வெட்டியது போலச் சதுரமாக நிற்கும். இதில் உருண்டு சரிந்திருந்தது. வரம்பையும் விளிம்பையும் அட்டைச் சட்டம் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. டீலரிடம் ‘அட்டையைத் திறந்து காட்டுங்கள்’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. காசைச் சோதித்து எது என்று சான்று தருகிற தரச்சான்று நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டி அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து வந்தது: ப்ரூஃப் அல்ல, மேற்பரப்பு மாற்றப்பட்டிருக்கிறது. அதாவது, நன்றாக அச்சு விழுந்த ஒரு சாதாரண சென்டை யாரோ எடுத்து, மங்கலாக்கி, நிறமும் ஏற்றியிருக்கிறார்கள். அதை அந்த டீலரே செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவரும் யாரிடமாவது வாங்கி ஏமாந்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சான்று நிறுவனம் சொன்னதை எடுத்துக்கொண்டு அடுத்த கண்காட்சியில் அந்த டீலரிடம் போனேன். அவர் ரசீதை எடுக்கச் சொன்னார். அதில் ‘1914 சென்ட், பழுப்பு, 475’ என்று மட்டும் இருந்தது. ப்ரூஃப் என்ற சொல்லே இல்லை. ‘மேட் ப்ரூஃப்’ என்று எழுதிய அட்டையோ, நான் பிரித்துத் தூக்கிப் போட்ட குப்பையில். ‘ப்ரூஃப் என்று நான் சொன்னதாக எங்கே இருக்கிறது?’ என்று கேட்டார், குரலைக்கூட உயர்த்தாமல். அப்போதுதான் அவர் ஏமாந்தவர் இல்லை என்று புரிந்தது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அங்கே புகாராவது கொடுக்கலாம் என்று பார்த்தேன். அவர் உறுப்பினர் இல்லை.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்றால், சான்று நிறுவனம் எண்ணிட்டு மூடித் தருகிற உறைக்குள் இல்லாத மேட் ப்ரூஃபை வாங்குவதே இல்லை. உறையில் இருந்தாலும் அதன் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்துவிட்டுத்தான் பணம் எடுக்கிறேன். எந்தக் காசு வாங்கினாலும் டீலர் வாயால் சொன்னது அத்தனையும் ரசீதில் எழுதச் சொல்கிறேன். ‘சான்று கிடைக்காவிட்டால் பணம் வாபஸ்’ என்பதையும் சேர்த்து. இதற்கு முகம் சுளித்த இருவரிடம் வாங்காமலே வந்திருக்கிறேன். நல்ல டீலர்கள் தயங்காமல் எழுதித் தருகிறார்கள்.

அன்று கிளம்பும்போது எனக்கு விற்ற அந்த டீலர் கூப்பிட்டு, வேண்டுமானால் இருபது டாலருக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் புது அட்டையில் ஏறி அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மேசையில் இருந்திருக்கும். அந்த சென்ட் என்னிடமே இருக்கிறது. உறைமேல் மையால் எழுதி வைத்திருக்கிறேன்: 1914, சாதாரண அச்சு, மேற்பரப்பு மாற்றப்பட்டது, ப்ரூஃப் அல்ல.