நல்லெண்ணெய்ச் சவர்க்காரமும் அந்த ஆரஞ்சுப் புள்ளிகளும்

பட்டர்வொர்த்தில் ஒரு பேரங்காடியில் நல்லெண்ணெய் சலுகை விலைக்கு வந்திருக்கிறதாம். சவர்க்காரம் செய்ய நாலு போத்தல் எடுத்து வைக்கட்டுமா என்று தோழி படம் அனுப்பிக் கேட்டாள். எனக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல வரவில்லை. ஆறு வருடமாகப் பினாங்கின் ஆயர் ஈத்தாமில் இருக்கும் வீட்டில் சவர்க்காரம் ஊற்றுகிறேன். அதில் என்னை அதிகம் மகிழ வைத்ததும் நல்லெண்ணெய்தான், அழ வைத்ததும் அதுதான்.

என் வழக்கமான கணக்கு ஒரு கிலோ எண்ணெய்க்கு: தேங்காயெண்ணெய் 300 கிராம், செம்பனை எண்ணெய் 400, நல்லெண்ணெய் 250, விளக்கெண்ணெய் 50. எண்ணெயைச் சவர்க்காரமாக்கும் காரமான காஸ்டிக் சோடா ஏறக்குறைய 144 கிராம். கட்டியில் காரம் மிஞ்சாமலிருக்க, தேவையானதில் 5 விழுக்காட்டைக் குறைத்த பிறகு வரும் எண் இது. எண்ணெயை மாற்றினால் இதையும் மறுபடி கணக்குப் போட வேண்டும். தேங்காயெண்ணெய் ஒரு கிராமுக்கு 0.183 கிராம் சோடா கேட்கும், செம்பனைக்கு 0.141 போதும்.

தேங்காயெண்ணெயைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 24 பாகையிலேயே உருகிவிடும் எண்ணெய் என்பதால் பினாங்கு வெயிலில் அதைச் சூடாக்கும் வேலைகூட இல்லை. நுரை பொங்கும், அழுக்கு போகும். ஆனால் அளவு கூடினால் தோல் வறண்டு இழுக்கும். விளக்கெண்ணெய் அந்த நுரை சட்டென்று அடங்காமல் பிடித்து வைக்கும். அதுவும் பத்து விழுக்காட்டைத் தாண்டினால் கட்டி பிசுபிசுக்கிறது. செம்பனை என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கட்டிக்கு உறுதி கொடுத்து, மாதக்கணக்கில் நிறமும் வாசமும் மாறாமல் இருப்பது அதுதான். கடையில் சமையலுக்கு விற்பது செம்பனையின் திரவப் பகுதி மட்டும், அதனால் அச்சிலிருந்து எடுக்க இன்னொரு நாள் பொறுக்க வேண்டும். இரண்டு வெள்ளி ஐம்பது காசு மானியப் பாக்கெட்டை மட்டும் நான் இதற்குத் தொடுவதில்லை. அது அடுப்படிக்கு வந்த எண்ணெய்.

சரி, நல்லெண்ணெய். எங்கள் வீட்டில் தீபாவளி விடிகாலையில் உச்சந்தலையில் வைத்துத் தேய்ப்பது இந்த எண்ணெயைத்தான். அது சேர்ந்த சவர்க்காரத்தில் குளித்து வந்தால் தோல் இழுக்காது. முழங்கையில் வெள்ளையாகச் சொரசொரப்பு இருந்த அம்மாவுக்கு அது அடங்கியது. வேறு எந்த எண்ணெயிலும் எனக்கு அந்த வழவழப்பு கிடைத்ததில்லை. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

போன வருடம் தீபாவளிக்கு உறவுக்காரர்களுக்குக் கொடுக்க இருபத்துநாலு கட்டி ஊற்றினேன். ஆறு வாரம் உலர்த்தி, தாளில் சுற்றி, பெயர் எழுதி வைத்தேன். மூன்றாம் மாதம் பிரித்துப் பார்த்தால் ஆணித் துரு போல ஆரஞ்சுப் புள்ளிகள். முகர்ந்தால் பழைய முறுக்குச் சட்டியின் காறல் வாடை. பதினேழு கட்டி போயிற்று. கையில் பலகாரப் பெட்டியோடு மட்டும் வீடு வீடாகப் போனபோது பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை.

காரணத்தைத் தேடினேன். நல்லெண்ணெயில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைச் சுலபமாகப் பற்றிக்கொள்ளும். போத்தலில் இருக்கும்வரை எண்ணெயைக் காக்கும் பொருள்கள் எள்ளிலேயே உண்டு, அதனால்தான் அடுக்களையில் அது லேசில் கெடுவதில்லை. சவர்க்காரமான பிறகு அந்தக் காவல் போதவில்லை என்பது என் அனுபவம். அப்புறம், காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றியது என் தவறு. அதில் இரும்போ செம்போ துளி இருந்தாலும் காறல் விரைவாக வரும். கட்டிகளை அடுக்கியது கம்பித் தட்டில். கம்பி பட்ட கோடுகளில்தான் முதல் புள்ளிகள். இங்கே காற்றின் ஈரமோ சொல்ல வேண்டியதில்லை. சவர்க்காரத்தில் இருக்கும் கிளிசரின் அந்த ஈரத்தை இழுத்து, மழை நாளில் கட்டி வியர்த்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நான் வாங்கியதும் சலுகை விலைப் போத்தல்கள். காலாவதிக்கு இரண்டு மாதமே இருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

அதன் பிறகு நல்லெண்ணெயை 100 கிராமாகக் குறைத்து, மிச்சத்தைச் செம்பனைக்குக் கொடுத்தேன். மரத்தட்டு வாங்கினேன். அந்த இரும்பையும் செம்பையும் கட்டிப்போடச் சிட்ரிக் அமிலம் 10 கிராம் சேர்த்துப் பார்த்தேன். அது 6.2 கிராம் காஸ்டிக் சோடாவைத் தின்றுவிடும், அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இப்போது ஐந்து மாதம் ஆகிறது, புள்ளி இல்லை. ஆனால் அந்த வழவழப்பும் பாதியாகிவிட்டது.

மஞ்சள் தூளைப் பற்றியும் அவள் கேட்டிருந்தாள். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது போலவே காரம் பட்டதும் இதுவும் சிவக்கும், பயப்பட வேண்டாம். நாள்பட மங்கி இளமஞ்சளாக நிற்கும். கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி போதும். வேப்பெண்ணெய் ஐந்து விழுக்காடு சேர்த்தாலே குளியலறை முழுக்க அதன் வாடைதான்.

நாலு போத்தலை எடுக்கச் சொல்லவா? தோலுக்கு இதைவிட நல்ல எண்ணெய் எனக்குத் தெரியாது. ஆனாலும் வேண்டாம் என்றுதான் எழுதினேன். முதல் முறை ஊற்றுகிறவளுக்கு அந்தப் புள்ளிகளைப் பார்க்கும் நாள் வரக்கூடாது. தேங்காயும் செம்பனையும் விளக்கெண்ணெயும் போதும். ஆசையாக இருந்தால் ஒரே ஒரு போத்தல் எடுக்கட்டும், அடியில் தேதியைப் பார்த்துவிட்டு. அதுவும் தோசைக்கு.