எத்தனால் தின்றுவிட்டது என்று கார்புரேட்டரை மாற்றச் சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள்

2009 மாடல் 100 சிசி பைக் ஒன்று. மழையில் ஒன்றரை மாதம் வெளியிலேயே நின்றது. பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை. ஒர்க்‌ஷாப்பில் திறந்துகூடப் பார்க்காமல் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்: "இ20 பெட்ரோல் சார், கார்புரேட்டரைத் தின்னுடுச்சு." (இ20 என்றால் எத்தனால் என்ற ஆல்கஹால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல். கார்புரேட்டர் என்பது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்.) பில்லில் புது கார்புரேட்டர், டேங்க் கோட்டிங், 'எத்தனால் பாதுகாப்பு' திரவம் ஒரு பாட்டில், 'இ20 ஹோஸ்' எல்லாம் ஏறின. இரண்டே வாரத்தில் வண்டி மறுபடி நின்றது. வேறு இடத்தில் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தபோது அடியில் தண்ணீர் அப்படியே இருந்தது. புதிதாகப் பூசிய கோட்டிங் செதில் செதிலாக உரிந்து பெட்ரோல் டேப்பின் சல்லடையை அடைத்திருந்தது. பழைய கார்புரேட்டரைக் கேட்டால், "ஸ்கிராப்பில் போட்டாச்சு."

இந்த வகை பில் இப்போது நிறையச் சுற்றுகிறது. எத்தனாலால் பழைய வண்டிக்குக் கெடுதல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கெடுதல் எங்கே, எப்படி வரும் என்பது தெரிந்த விஷயம். உரிமையாளரே அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

முதலில் தண்ணீர். எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். ஓர் அளவு வரை பிரச்சினை இல்லை, பெட்ரோலோடு சேர்ந்து அதுவும் எஞ்சின் வழியே வெளியேறிவிடும். அளவு தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். 10 சதவீதக் கலப்பில் பத்து லிட்டருக்குச் சுமார் 50 மில்லி தண்ணீர் சேர்ந்தாலே பிரியும். 20 சதவீதக் கலப்பு இன்னும் கொஞ்சம் தாங்கும். அவ்வளவு தண்ணீரும் காற்றின் ஈரத்திலிருந்து வந்துவிடாது. பெரும்பாலும் டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருக்கும், அல்லது மூடியைச் சுற்றியுள்ள மழைநீர் வடிதுளை மண்ணால் அடைத்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் எதை மாற்றினாலும் காசு தண்டம்.

சோதிக்கும் முறை இது. எஞ்சின் ஆறியபின், திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல் செய்யுங்கள். பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பிறகு டேப்பை ரிசர்வில் வைத்து டேங்கிலிருந்தும் கொஞ்சம் பிடியுங்கள். பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் இரண்டு அடுக்காகத் தெரியும், அல்லது கலங்கலாக இருக்கும். அப்படியானால் டேங்க் முழுவதையும் வடித்தே ஆக வேண்டும். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

கிண்ணத்தைக் கழற்றினால் அலுமினியத்தில் வெள்ளைப் பொடியும் பெட்ரோல் செல்லும் சிறு துளையுள்ள பித்தளை ஜெட்டில் பச்சைப் படிவும் இருக்கலாம். சுத்தம் செய்தால் பெரும்பாலும் போய்விடும். வண்டி மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டின் துளை மிகச் சிறியது, முதலில் அடைப்பது அதுதான். கம்பி விட்டுக் குத்தவிடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயும் காற்றும் போதும். மாற்ற வேண்டியவை ஃப்ளோட் நீடில் (கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரத்தைத் திறந்து மூடும் ஊசி), ஓரிங், கிண்ணத்தின் கேஸ்கட் ஆகிய மூன்றும்தான். இவை ரிப்பேர் கிட்டாகவே கிடைக்கும். நீடில் உட்காரும் இடமோ பாடியோ குழிகுழியாக அரித்திருந்தால் மட்டுமே முழு கார்புரேட்டர். அதையும் கையில் வாங்கிப் பார்த்த பிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.

பாட்டில் திரவத்துக்கு வருவோம். பிரிந்த பெட்ரோலை மறுபடி சேர்த்து வைக்கும் என்று விற்கிறார்கள், சேர்க்காது. 'தண்ணீர் நீக்கி' எனப்படும் பலவற்றில் இருப்பதும் ஒருவகை ஆல்கஹால்தான். எத்தனால் பிரச்சினைக்கு இன்னொரு ஆல்கஹால்! ஆக்டேன் (பெட்ரோல் எஞ்சினில் தட்டாமல் எரியும் திறனின் அளவு) ஏற்றும் திரவமும் வீண். எத்தனாலே ஆக்டேனை ஏற்றும் பொருள்.

ஹோஸில் 'இ20' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் போதாது. சாதாரண நைட்ரைல் ரப்பர் நாளடைவில் உப்பி, மென்மையாகி, பிறகு வெடிக்கும். உள்பக்கம் ஃப்ளூரோ ரப்பர், அதாவது விட்டான் வகை என்று ஹோஸின் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். டேங்க் கோட்டிங்கிலும் இதே கதைதான்: பாலியஸ்டர் பிசினை எத்தனால் இளக்கிவிடும். எத்தனால் தாங்கும் எபாக்ஸி என்று டப்பாவில் எழுதியிருந்தால் ஒழியப் பூசவிடாதீர்கள்.

மைலேஜ் பேச்சிலும் ஏமாற்று உண்டு. 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கை, 10 சதவீதக் கலப்புக்கு டியூன் செய்த இரு சக்கர வண்டிகளில் இ20 போட்டால் 3 முதல் 4 சதவீதமும், கார்களில் 6 முதல் 7 சதவீதமும் குறையும் என்கிறது. 50 கொடுத்த பைக் 48 கொடுத்தால் எத்தனால். 35 கொடுத்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும் அல்லது கார்புரேட்டர் வழிந்துகொண்டிருக்கும். அதற்கு 'மைலேஜ் கிட்' மருந்தல்ல.

ஜெட் அளவு மாறாத பழைய கார்புரேட்டரில் இ20 கலவை லீன் ஆகும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாது, எஞ்சின் சூடேறும். கார்புரேட்டரில் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூ ஏர்ஃபில்டர் பக்கம் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ, கால் சுற்று உள்ளே திருப்புங்கள். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோல் ஸ்க்ரூ, கால் சுற்று வெளியே. அப்போதும் ஓட்டத்தில் திணறினால் வேகத்தில் பெட்ரோல் தரும் மெயின் ஜெட்டில் ஒரு சைஸ் கூட்டலாம். டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது, லீன் ஆனால் பிஸ்டன் ஜாம் ஆகும்.

புல் வெட்டும் மெஷின், பவர் ஸ்பிரேயர், மரம் அறுக்கும் மெஷின் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இவற்றின் மேனுவல்கள் பலவும் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்கின்றன. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை இழுத்துத் தரும் மெல்லிய சவ்வான டயஃப்ரம் விறைத்துப்போனால் சோக் போட்டால் மட்டும் ஓடும், எடுத்தால் நிற்கும். டயஃப்ரம் கிட்டில் தீரும் இந்த வேலைக்கு, 'எஞ்சின் போச்சு, புது மெஷின் எடுங்க' என்று சொல்லும் கடைகள் உண்டு. ஆயில் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் கேனில் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் டேங்கை வடித்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு எடுத்து வையுங்கள்.

எத்தனால் கலக்காத பெட்ரோல் என்று கூடுதல் விலை கேட்டால் சோதித்துப் பார்க்கலாம். அளவு குறித்த கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கி வையுங்கள். அடி அடுக்கு 10லேயே நின்றால் எத்தனால் இல்லை. 25ஐத் தாண்டினால் அது இ20.

பங்க்கிலேயே தண்ணீர் கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் டென்சிட்டி பார்த்துக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடி ஜாடியில் ஊற்றித்தான் பார்ப்பார்கள், கலங்கல் அங்கேயே தெரிந்துவிடும். பெட்ரோல் போட்ட பில்லை வைத்திருங்கள். ஒர்க்‌ஷாப்பில் வேலைக்கு முன்பே, கழற்றும் பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். தராமல் மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகாருக்குப் பில், ஜாப் கார்டு, பாட்டிலில் பிடித்த மாதிரியின் படம் மூன்றும் வேண்டும்.