மலிவு சீடி பிளேயர்: குரல் நன்று, ஞாபகம் பூஜ்யம்

இந்த மலிவு சீடி பிளேயரின் விலை இறங்கியிருக்கிறதாம். வாங்கலாமா என்று, தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரத்துப் பீனிக்ஸில் இருக்கும் சித்தப்பா மகன் கேட்கிறான். அதே டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் இதே பிளேயர் சில வருஷமாக ஓடுகிறது. ப்ளூடூத், ரேடியோ, யூஎஸ்பி எதுவும் கிடையாது. பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக ஒலியை வெளியே அனுப்பும் இரண்டு ஆர்சிஏ சாக்கெட், அவ்வளவுதான். அதை அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயரோடு இணைத்திருக்கிறேன்.

ஒலியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சீடியில் ஒலியை எண்ணாக்கிப் பதியும் அளவான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்பது சீடி கடைக்கு வந்த 1982 முதல் மாறாத கணக்கு. அதை ஒழுங்காக வெளியே விடுவது இன்றைக்கு மலிவுப் பெட்டிக்கும் பெரிய காரியம் இல்லை. நாகஸ்வரக் கச்சேரி போட்டால் தவிலின் இரு பக்கங்களான வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாகக் கேட்கின்றன.

என் கோபமெல்லாம் பாட்டைப் பாதியில் நிறுத்தி வைக்கும் பாஸ் (pause) பட்டன் மேல்தான். கர்நாடகக் கச்சேரியில் நீளமாகப் பாடும் ராகம் தானம் பல்லவியை ஒரு மணி நேரத்துக்கு ஒரே ட்ராக்காகப் போட்டிருக்கும் சீடிகள் என்னிடம் நிறைய. தானம் சூடு பிடிக்கும்போது கேட்டில் யாராவது கூப்பிடுவார்கள். பாஸ் போட்டுவிட்டுப் போனால், நம் ஊரில் கேட்டில் நின்று பேசும் பேச்சு சீக்கிரம் முடிகிறதா? திரும்பி வருவதற்குள் பெட்டி தானாக அணைந்திருக்கும். மறுபடி போட்டால் முதல் ட்ராக், முதல் நொடி. சும்மா கிடக்கும் கருவி மின்சாரம் தின்னக் கூடாது என்று ஐரோப்பாவில் விதி இருக்கிறது. சரி, நல்ல விதிதான். ஆனால் அணைவதற்கு முன் விட்ட இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று எந்த விதி சொல்கிறது? சில பிளேயர்களில் இந்தத் தானணைப்பை நிறுத்த வழி உண்டு. இதில் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

2023-இல் லோட் ஷெடிங், அதாவது முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு, உச்சத்தில் இருந்தபோது இதே கதை இரண்டு மடங்கு. கரன்ட் திரும்பியதும் நாற்பதாவது நிமிஷத்துக்குப் போக ரிமோட் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு ட்ராக்குக்குள்ளேயே உட்பிரிவுகளைக் காட்டும் இன்டெக்ஸ் குறிகள் வைக்கச் சீடி தரத்தில் ஆரம்பத்திலிருந்தே இடம் உண்டு. எண்பதுகளின் சில பிளேயர்களில் அதற்கென்று பட்டனும் இருந்தது. ராகம், தானம், பல்லவி என்று குறி போட்டுக் கொடுக்கக் கம்பெனிகளுக்கும் தோன்றவில்லை, பட்டனும் காணாமல் போய்விட்டது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பெரியம்மா வீட்டுப் பஜனைகளை அண்ணன் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்த சீடிகளை என் பழைய பிளேயர் தொடவே தொடாது. இது முணுமுணுக்காமல் பாடியது. போன புரட்டாசியில் அவை மட்டும் திக்க ஆரம்பித்தன, கடையில் வாங்கிய சீடிகள் நன்றாகவே ஓடின. கம்ப்யூட்டரில் எழுதிய சீடி திருப்பி அனுப்பும் ஒளி, கடையில் வாங்கும் அச்சுச் சீடியைவிடக் குறைவு. அதனால் சீடியைப் படிக்கும் லென்ஸில் படலம் படிந்தால் முதலில் தடுமாறுவது அதுதான். டர்பன் ஈரக் காற்றோடு எங்கள் வீட்டுச் சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால் படலத்துக்குக் கேட்பானேன்! ரிப்பேர்க்காரர் மூடியைத் திறந்து, பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைத்தார். உதிரி பாகம் எதுவும் தேவைப்படவில்லை. திருகாணி போட்டு மூடியிருப்பதால் திறக்க முடிந்தது, அதற்காகவே இந்தப் பெட்டிக்குக் கூடுதல் மதிப்பெண்.

ஆக, ஒலி நன்று, உழைப்பு நன்று, ரிப்பேரும் சுலபம். தம்பி நீ சினிமாப் பாட்டுதான் கேட்பாய், ஐந்து நிமிஷப் பாட்டு முதலிலிருந்து ஓடினால் உனக்கு என்ன நஷ்டம்? தாராளமாக வாங்கலாம். ஆனால் இன்றைக்கு என்னைக் கேட்காதே. இதை எழுத உட்கார்ந்தபோது போட்ட பல்லவி பாஸில் இருந்தது, இப்போது பார்க்கிறேன், அணைந்து கிடக்கிறது. வாங்காதே.